வலது காதின் கம்மல்

மான்டெவிடியோ. ஞாயிற்றுச் சந்தை.
மேசைமேல் போன நூற்றாண்டைக்
கொட்டி வைத்திருக்கிறேன்:
பேக்கலைட் வளையல்கள், வலைத்துணி வைத்த தொப்பிகள்,
தொப்பியில் குத்தும் நீள ஊசி
(அதன் முனையில் கார்க்கு;
போன வாரம் ஒரு போலீஸ்காரர் விரலைக் கொடுத்துவிட்டார்).

செல்மிரா எடுத்தது ஐம்பதுகளின் கம்மல்.
காது குத்தாதவர்களுக்கானது, கடித்து நிற்கும் வகை,
தேன் நிறக் கண்ணாடி, சிப்பி ஓரம்.
இடது கச்சிதம்.
வலது, லேசாகத் திரும்பியதற்கே,
அவள் கையிலிருந்த மாத்தே குடுவைக்குள் விழுந்தது.

"ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பாதி விலை கொடு" என்றேன்.

ஒட்டிய இலைகளைத் துடைத்தாள்.
மறுபடி மாட்டினாள்.
மறுபடி கழற்றினாள்,
வெறும் கையைக் காதோடு சேர்த்து
"ஓலா?" என்றாள்.

இருபது வருடமாய் விற்கிறேன்,
எனக்குத் தோன்றவே இல்லை.
கறுப்பு ஃபோன் மணி அடிக்கும்போதெல்லாம்
ஒருத்தி
இதைக் கழற்றிவிட்டுப் பேசியிருக்கிறாள்.
நாளைக்கு எத்தனை முறை?
கடன்காரனா, காதலனா,
அலுவலகத்தில் அதுதான் வேலையா?
ஸ்பிரிங் அதையெல்லாம் சொல்லாது.
களைத்ததை மட்டும் சொல்கிறது.

"குறடு இருக்கிறது, இறுக்கித் தரவா?"
"தொடாதே."
முழு விலையும் எண்ணி வைத்தாள்.
இடதைக் காதிலும்
வலதைக் கைக்குள்ளும் வைத்துக்கொண்டு
பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

நான் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை எடுத்து
விரல் விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரோ இரண்டு முறை விலை கேட்டார்கள்.