பிற: ஆறு

நாரின் மாவட்டக் கல்வி அலுவலகம்.
பிப்ரவரி. ஹீட்டரை ஒட்டி ஒரு நாற்காலி.
எண்களுக்குப் பேச்சு வரவைப்பது என் வேலை.

மூன்றாம், நான்காம் வகுப்புகள். எண்பத்தேழு தாள்கள்.
கேள்வி ஒன்றுதான்:
பள்ளிச் சாப்பாட்டில் உனக்கு எது பிடிக்கும்?

லக்மான் நூடுல்ஸ் முப்பத்து நான்கு.
புலாவ் இருபத்தெட்டு.
உருளைக்கிழங்கு சூப் பதினாறு.
பக்வீட் கஞ்சி மூன்று.
அந்த மூன்றில் ஒன்று சமையற்காரி உரும்கானின் மகன்;
அதை ருசியில் சேர்ப்பதா, விசுவாசத்தில் சேர்ப்பதா?
பிற: ஆறு.

கூட்டினால் எண்பத்தேழு.
கூட்டு சரியாக வந்த அட்டவணையை
யாரும் இன்னொரு முறை பார்ப்பதில்லை.
'மாணவர்கள் நூடுல்ஸையே அதிகம் விரும்புகின்றனர்' என்று
தட்டிவிட்டுத் தேநீருக்கு எழுந்தேன்.

பிஷ்கெக்கிலிருந்து போன்:
அந்தப் பிற என்பது என்ன?

கட்டைப் பிரித்துத் தேடினேன்.
ஒன்றில் ஐஸ்கிரீம்.
ஒன்றில் குதிரைப் படம்,
சவாரிக்கா சட்டிக்கா என்று குறிப்பில்லை.
மீதி நான்கில்
நான்கு கையெழுத்தில் ஒரே சொல்:
வியாழக்கிழமை.

மெனுவை எடுத்துப் பார்த்தேன்.
வியாழக்கிழமை, பக்வீட் கஞ்சி.

தாளில் பெயர் கிடையாது.
மூலையில் ஊர் எழுத ஒரு கட்டம் இருந்தது,
எதற்கு வைத்தோம் என்று நானே மறந்த கட்டம்.
நான்கிலும் அக்-பூலாக்.
அங்கிருந்து வருவது மொத்தமே நான்கு பிள்ளைகள்.
நூற்றுக்கு நூறு.
பதினோரு வருடத்தில் இத்தனை சுத்தமான எண்
என் மேசைக்கு வந்ததில்லை.

"அவங்களா?" என்றாள் பள்ளியில் பெரமெட்,
"ஒரு மணிக்குச் சாப்பாடு,
ஒன்று பத்துக்கு வேன்.
வியாழக்கிழமை மட்டும் டிரைவர் தீவனம் வாங்கப் போயிடுவார்,
திரும்ப இரண்டாகும்.
அன்னைக்கு உட்கார்ந்து சாப்பிடுவாங்க."

மற்ற நாளில்
நூடுல்ஸ் எப்படி இருக்கும் என்று
அந்த நால்வரிடம் யார் கேட்பது?
வாயில் பாதி, கோட்டுப் பையில் ரொட்டி.

டிரைவர் எசென்கானிடமும் பேசினேன்.
"மூணு மணிக்கு மேல வளைவுல பனி இறுகிடும்மா.
கால் மணி நேரம் தர்றேன்.
அதுக்கு மேல கேக்காதீங்க."
கேட்கவில்லை.

அறிக்கையில் இதற்குப் பத்தி இல்லை.
உணவு இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது,
நாற்காலியில் முதுகு சாய்வதற்கு நெடுவரிசை இல்லை.
அடிக்குறிப்பாகச் சேர்த்தேன், சின்ன எழுத்தில்.

மறுபடி பிஷ்கெக்:
ஐந்து சதவீதத்துக்குக் கீழே வருவதையெல்லாம்
நீக்கிவிடலாம், நீளம் குறையும்.

எண்பத்தேழில் நான்கு.
நான்கு புள்ளி ஆறு.

தசமங்களை முழு எண்ணாக்கலாம் என்று
விதி எட்டு சொல்கிறது.
ஆக்கினேன்.
ஐந்து.