தால்

வந்த புதிதில் ஒரு மாதம்
அதுதான் எனக்கு வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன்.
தால், என்பார் ஃபோர்மன். போவேன்.
தால், என்பான் டிராக்டர்காரன். போவேன்.
அரபியில் 'வா' என்று அர்த்தமாம்,
வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி சொன்னான் நேபாளத்து பிஷ்ணு.
தமிழில் அது நாக்கு என்று
நான் அவனிடம் சொல்லவில்லை.

அல் கர்ஜ். ஆகஸ்ட். இரவு இரண்டே முக்கால்.
வெள்ளை பிளாஸ்டிக் கூண்டுகள் நூற்றிருபது,
கூண்டுக்கு ஒரு கன்று, கன்றுக்கு ஒரு பாட்டில்.
தூரத்துக் கறவைக் கொட்டகையில்
விசிறிகள் பனி தூவிக்கொண்டிருக்கும்.
தாய்கள் அங்கே.

அறுபத்தெட்டாம் கூண்டில் இருந்தது குடிக்கவில்லை.
ரப்பர் காம்பை வாயில் வைத்தால்
வேறெதையோ யோசிப்பதுபோல் மென்று
விட்டுவிடும். பால் மோவாயில் ஒழுகும்.
குழாய்தான் போடவேண்டும், டாக்டர் வரட்டும் என்றார் இத்ரீஸ்.
சூடானில் அவருக்கு முந்நூறு மாடுகள் இருந்ததாம்.
இப்போது எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

கையைக் கழுவி இரண்டு விரலைக் கொடுத்தேன்.
மேலண்ணத்தை மெல்லத் தேய்த்தேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அந்த நாக்கு,
நனைந்த உப்புத்தாள்,
விரலைச் சுற்றி வளைத்து
இழுத்தது.
தோள்வரை தெரிந்தது அந்த இழுப்பு.
விரலோடு காம்பையும் நுழைத்து
விரலை மட்டும் திருடிக்கொண்டேன்.

தூக்கிப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.
மடி தொங்கும் உயரத்தில் பாட்டில் இருக்கவேண்டும்.
ஆகவே எட்டு வாரம் குனிந்தே நின்றேன்.
முதுகுவலித் தைலத்துக்கு மட்டும் எழுபது ரியால்.

ஐந்தாம் நாள் கழிச்சல்.
கண் உள்ளே போயிற்று.
கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால்
கூடாரம் போல அப்படியே நின்றது.
உப்புப் பொட்டலம், இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான நீர்,
மறுபடி பொட்டலம், மறுபடி நீர்.
நடுவில் தூங்கினேனா, தெரியாது.
விடிந்தபோது என் ஒரு செருப்பு
கூண்டுக்குள் வைக்கோலில் கிடந்தது.
அதன் வாரைச் சப்பிக்கொண்டிருந்தது அது.

காதில் எண் இருக்கிறது, பெயர் வைக்காதே
என்பது பண்ணை வழக்கம்.
நான் வைக்கவில்லை.
வா என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

குடித்து முடித்தும் முட்டும்.
காலி பாட்டிலை, பிறகு என் தொடையை,
முட்டினால் இன்னும் இறங்கும் என்று
யார் சொல்லி வைத்தார்களோ.
குளிக்கும்போது பார்த்தேன்,
கன்றியிருந்தது.

அறுபதாம் நாள் பால் நின்றது.
டிரெய்லரில் ஏற்றி
சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலியோரம் போனேன்.
நாற்பது கன்றுகள், எல்லாம் கறுப்பு வெள்ளை.
தால், என்றேன்.
நாற்பதும் திரும்பின.
இந்தப் பண்ணையில் எவரும் எதையும்
அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்.
கம்பி இடுக்கில் மூக்குகள் முண்டின.
கையை நீட்டினேன்.
நாக்கு, அடுத்த நாக்கு, இன்னொன்று.
ஒவ்வொன்றும் அதுதான் என்று பட்டது.
காதுகளைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பின்னால் பிக்கப் ஹாரன்.
ஃபோர்மன் கண்ணாடியை இறக்கி,
அறுபத்தெட்டில் புதுசு வந்திருக்கு, குடிக்கவில்லை,
தால், என்றார்.
நாற்பது தலையும் மறுபடி நிமிர்ந்தன.
கையைத் துடைக்காமல்
வண்டியில் ஏறினேன்.