பதினேழரைச் சுற்று

ஆனி பிறந்ததிலிருந்து
வண்டி இடப்பக்கம் போகிறது.
களக்காட்டில் ஏற்றிய ஏத்தங்குலை நூற்றிருபதும்
பணகுடி தாண்டும்போது என்னோடு சேர்ந்து
ஓரத்து வேப்பமரத்தை எட்டிப் பார்க்கும்.
காற்று என்றேன்.
காவல்கிணற்றுக் காற்றுக்கு
லாரியையே ஒதுக்கிவிடும் கை உண்டு,
என் பிக்கப் எம்மாத்திரம்.
காற்றாலை சுற்றுகிறதே, போதாதா சாட்சி.

வைகாசியில் போட்ட முன்டயர்
ஆடி முடியுமுன் உள்விளிம்பில்
கம்பி தெரியத் தேய்ந்தது.
வெளியே புதுசு, உள்ளே மொட்டை.
வள்ளியூர் ஞானதிரவியம் கடை வாசலில்
அதை உருட்டிவிட்டுச் சத்தம் போட்டேன்:
"பழைய சரக்கப் புதுசுன்னு தள்ளிட்டீரு வே."
அவர் தொடவில்லை, குனிந்து பார்த்தார்.
"டயரு சொல்லுதத டயருகிட்டக் கேளும்."
டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் முன்னால்
ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டேன்.
அது என்ன வார்த்தை என்பது இங்கே வேண்டாம்.

புரட்டாசியில் காற்று நின்றது.
ஒரு விடியல், ராதாபுரம் விலக்கில்
அத்தனை காற்றாலையும் கைவிரித்து நின்றன.
முருங்கை இலை அசையவில்லை.
வண்டி இடப்பக்கம் போனது.

ஏர்வாடி பீர்மைதீன் பட்டறையில்
முதல் கேள்வி சத்தத்தைப் பற்றி.
"வளைக்கையில டொக்குங்குதா, குழியில விழுகையிலயா?"
ரெண்டிலும்.
"எத்தன நாளா?"
எஃப்எம்மைக் கூட்டி வைத்த நாளிலிருந்து.
அதைச் சொல்லவில்லை.

ஜாக்கி தூக்கியது, ஸ்டாண்டு தாங்கியது.
தொங்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தான்:
ஒன்றுமில்லை.
ஒன்பதிலும் மூன்றிலும் கை வைத்து அசைத்தான்:
ஆட்டம்.
என்னை ஸ்டியரிங்கில் உட்கார்த்தி
அடியில் படுத்து மூட்டில் விரல் வைத்தான்.
லேசாகத் திருப்பினேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
"நீரு சொல்லுததுக்கும் சக்கரம் கேக்கதுக்கும் நடுவுல
ஒரு சுண்டுவிரல் போகும் வே."

டை ராடு எண்டு.
ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வடிந்து,
தேரி மணல் உள்ளே குடியிருந்தது.
கிண்ணத்தில் நெல்லிக்கொட்டை மாதிரி
லொடலொடத்தது குண்டு.

கழற்றுவதில் பாதி வேலை வசவு.
துருவேறிய காட்டர் பின் துண்டு துண்டாக வந்தது.
நட்டைத் தளர்த்திவிட்டு
மூட்டை அடிக்காமல், அது செருகியிருந்த கண்ணின்
கன்னத்தில் போட்டான் ரெண்டு சுத்தியல்.
"மூஞ்சில அடிச்சா மரை செத்துரும்.
பக்கத்துல அடிச்சாத்தான் விடும்."
விட்டது.

மரையிலிருந்து சுழற்றி எடுக்கையில்
உதடு அசைய எண்ணினான்.
எனக்குப் போன். குலை எங்கே என்று கமிஷன்கடை.
"பேசாதியும்" என்றான், எண்ணுகிற வாயாலேயே.
பதினேழரை.
மட்கார்டில் சாக்பீஸால் எழுதினான்.

புதுசு அதே பதினேழரை உள்ளே போனது.
பூட்டு நட்டு. கிரீடம் வைத்த நட்டு. புதுப் பின்,
அதன் இரண்டு காலையும் விரித்து மடக்கினான்.
ஒற்றையாய் மாற்றினால் மற்றது பழிவாங்கும் என்று
வலப்பக்கமும்.
அங்கே பதினாறு.

கை துடைத்தபடி சொன்னான்:
"எண்ணி வச்சது பழைய இடம், சரியான இடமில்ல.
அலைன்மென்டு பாத்திரும்."
எங்கே?
"வள்ளியூருல கெடக்கது ஒரு மிசினுதான."

ஞானதிரவியம் என் முகத்தைப் பார்க்கவில்லை.
டயரின் உள்விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.
"எண்டு மாத்தியாச்சாக்கும்" என்றார் டயரிடம்.
பிறகு பொதுவாக,
"ஸ்டியரிங்க நேராப் பிடிக்கணும்."
பிடித்தேன்.
கீழே கம்பியை இடப்பக்கம் கால்சுற்று,
வலப்பக்கம் கொஞ்சம் கூடுதல்.

பில் புத்தகத்தில் வண்டி நம்பரை எழுதினார்.
"பேரு?" என்றார்,
பதினோரு வருஷம் என்னிடம் டயர் விற்றவர்.
"சுயம்புலிங்கம்" என்றேன்.
எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.