கழிவு நாலு கிலோ

ஆறு மணி ஷிஃப்டுக்கு
மூன்றரைக்கே எழுந்து ஊதிய வாய் இது.
ஈரத் தென்னமட்டை, கண்ணெரிச்சல்,
தலைமுடியெல்லாம் புகை.
மில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்தாள்.
அன்றைக்கே முடிவு செய்தேன்.

சென்னியப்பன் கீசரோடு வந்தார்.
இரண்டடி கனக் கருங்கல் சுவர்
மூன்று டிரில் பிட்டைத் தின்றது.
"கல்லுங்களா இது?" என்று
டீ கேட்டு உட்கார்ந்துவிட்டார்.
ஊதியூர் மலைக் கல் என்று
வீட்டுக்காரருக்குப் பெருமை.
ஊதினது நான்.

செப்பு பாய்லரைப் பெயர்த்து
பீர்முகமது தராசில் வைத்தார்: இருபத்து மூன்று.
பிறகு கவிழ்த்துப் போட்டுச் சுத்தியலால் தட்டினார்.
உப்பு.
ஏடு ஏடாக, பழுப்பு வெள்ளையில்,
போர்த்தண்ணி எங்கள் மேலுக்கு ஊற்றியது போக
தனக்கென்று எடுத்து வைத்த மிச்சம்.
"கழிவு நாலு கிலோங்க."
அப்படியானால்
இத்தனை வருசம் எரித்த விறகில் பாதி
இந்தக் கல்லைத்தான் காய்ச்சியிருக்கிறது.
வெளியிலும் கல், உள்ளேயும் கல்,
நடுவில் ஒரு குடம் தண்ணி.

குழாய்க்கு வழி?
புகை போன ஓட்டைதான் கடைசியில் விட்டது.
கரியை வழித்தபோது ஒரு பல்லி இறங்கி
சென்னியப்பன் தோளில் நின்று
யோசித்துவிட்டுப் போனது.

இப்போது நாலேமுக்கால் வரை தூங்குகிறேன்.
சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு,
அதுவே பல் துலக்கும் நேரத்துக்குள் அணைகிறது.
வாரன்ட்டி அட்டையின் பின்பக்கத்தில்
பொடி எழுத்தில் போட்டிருக்கிறது:
ஆறு மாதத்துக்கு ஒருமுறை உப்பு நீக்கவும்.
யார் நீக்குவது என்று
நாங்கள் இருவரும்
இன்னும் பேசவில்லை.