மூன்று யூனிட்

செவ்வாய்ப்பேட்டையில்
பழைய இரும்பை எடைக்கு எடுக்கும் ரியாசுதீன் கடையில்
தராசு முள் அசையவே இல்லை.
"இத எப்படிம்மா எடை போடுறது,
ரெண்டு ஆணியும் சேர்த்து எடுத்துக்குங்க" என்றார்.
கத்தியைக் கையில் தரவில்லை.
சாக்கின்மேல் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன்.
நாற்பது ரூபாய்,
ஆணிகள் உட்பட.

ஏற்காடு பஸ்ஸில் மடியில் பொட்டலம்.
இருபது வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்
செம்பொடி புடவையில் உதிர்ந்தது.
பக்கத்துச் சீட்டுக்காரி மிளகாய்த்தூள் என்று நினைத்து
எந்த மில்லில் அரைத்தது என்றாள்.

ஏன் வாங்கினேன் தெரியவில்லை.
மாற்றலாகி வந்து எட்டு மாதம்.
பகலெல்லாம் பூட்டிய பங்களாக்களின்
மீட்டரைப் பார்த்து எழுதுகிறேன்:
பூஜ்ஜியம். பூஜ்ஜியம்.
ஒரு வீட்டில் மட்டும் மூன்று யூனிட்.
ஆளில்லாத வீட்டில் எதுவோ
எரிந்து அணைந்திருக்கிறது.
ராத்திரியில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

முதலில் புளி.
விடிந்ததும் அந்தத் தண்ணீர் இருமல் மருந்தின் நிறம்.
பிறகு செங்கல்பொடியும் தேங்காய் நாரும்.
பிறகு உப்புத்தாள், நூற்றிருபது, நானூறு,
கடைசியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புத்தாள்,
தொட்டால் தாளா துணியா என்று தெரியாதது.
ஒரே திசையில் தேய்க்க வேண்டும்.
கட்டைவிரல் தோல் போன பிறகு
நானே கண்டுபிடித்தது இது.

மக்கிப்போன பிடியைத் தட்டி எடுத்தேன்.
விறகுக்கடையில் கிடைத்த சில்வர் ஓக் துண்டைச் செதுக்கி
இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால்
ரியாசுதீனின் ஆணிகள்
ஓட்டைக்குச் சரியாக இருந்தன.
தெரிந்துதான் கொடுத்தாரா?

நான்காம் இரவு, பிடியை ஒட்டி,
துருவுக்கு அடியிலிருந்து ஓர் எழுத்து வந்தது.
பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே,
அப்படிப் புள்ளி புள்ளியாய்
ஒரு ஞ.
அடுத்துத் துணைக்கால் போல ஒரு கீறல்.
அதற்குமேல் குழி.
ஞானம்மாளோ ஞானசீலனோ,
மீதியைத் துரு தின்று முடித்திருந்தது.
அந்த இடத்தில் மட்டும் தாளை வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் பையன்
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
"அக்கா, யாரக் குத்தப் போறீங்க?"
வெண்டைக்காயை, என்றேன்.
மிகவும் ஏமாந்து போனான்.

ஐந்தாம் இரவு கத்தி வெள்ளை.
என் மூக்குத்தி அதில் தெரிந்தது.
ஜன்னலைச் சாத்த மறந்து தூங்கிவிட்டேன்.
மஞ்சு உள்ளே வந்து போயிருக்கிறது.
காலையில் அலகு முழுக்க
அம்மை வார்த்ததுபோல் செம்புள்ளி.

துடைத்தேன். நல்லெண்ணெய் பூசினேன். மறுநாளும் புள்ளி.
துடைத்தேன்.
இந்த ஊர் எதையும் வெள்ளையாக விட்டுவைப்பதில்லை,
கொடியில் காயும் துணியை, கேட்டை,
மீட்டர் பெட்டியின் கதவை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
ஆத்திரத்தில்
தொட்டியோரம் இருந்த எவர்சில்வர் டம்ளரில்
தலைகீழாய்ப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.
அதில் மூன்று நாள் டிகாக்‌ஷன் இருந்தது.

எடுத்துப் பார்த்தால்
முனையிலிருந்து டம்ளர் விளிம்புவரை
மழைக்கு முந்தைய சேர்வராயன் நிறம்.
கழுவினால் போகவில்லை.
வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்துவைத்தேன்.
மஞ்சு வந்தது,
கறுத்த பக்கம் ஒரு புள்ளியும் இல்லை.

கோட்டுக்கு மேலே
இரண்டு விரற்கடை வெள்ளை மிச்சம்.
ஞ அங்கேதான் இருக்கிறது.
இன்னொரு டம்ளர், இன்னும் கொஞ்சம் டிகாக்‌ஷன்,
அதுவும் கறுத்துவிடும்.
காப்பிப்பொடியை எடுத்தேன்.
எனக்கு மட்டும் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன்.

இப்போது வெண்டைக்காய் நறுக்குகிறேன்.
கொழகொழப்பைக் கழுவித் துடைத்து
ஞவுக்கு மட்டும் விரல்நுனியால்
தினமும் ஒரு சொட்டு எண்ணெய்.
ஒரு நாள் தவறினால் சிவக்கிறது.

அந்த வீட்டில்
இந்த முறை நான்கு யூனிட்.