மாஸ்டருக்குத் திங்கட்கிழமை லீவு

ஓட்டேரி பாலத்துக்கு இந்தப் பக்கம்
எபநேசர் மாஸ்டரைத் தெரியாதவர்கள்
வாணலி மோதும் சத்தத்தையாவது கேட்டிருப்பார்கள்.
லியாகத் பாய் வண்டியில் பதினாறு வருஷம்,
ராத்திரிக்கு நூற்றெண்பது பிளேட்.
அளவு என்றால் அந்தக் கரண்டிதான்:
உப்புக்கும் அஜினோமோட்டோவுக்கும் அதன் நுனி,
எண்ணெய்க்கு அதன் முழு வயிறு.

ரிப்போர்ட் எனக்கு வந்தது.
ஈரலில் கொழுப்பு, கிரேடு டூ.
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில்
அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு
"பார்சல் கொண்டாந்தது நான்தானே" என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.
ரப்பர் பேண்டு போட்ட வெள்ளிக் கவரைப்
பன்னிரண்டரை மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து
சூடு ஆறுமுன் பிரித்துத் தின்றவள் நான்.
நாளெல்லாம் நின்ற மனுஷன்
நினைத்து எடுத்து வந்ததை
எப்படிக் குற்றம் என்பது.

திங்கட்கிழமை வண்டி கிடையாது.
ஜெருஷா செல்போனைப் பார்த்துக் கணக்குச் சொன்னாள்:
ஒரு தேக்கரண்டி எண்ணெய், நாற்பது கலோரி.
"கலோரின்னா எடையா?"
"இல்லப்பா, சூடு. சூட்டோட அளவு."
முன்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்,
முழங்கைவரை முடி கருகிய கை.
"அப்போ நான் பதினாறு வருஷமா
கலோரியிலதான் நிக்கிறேன்."

எங்கள் இண்டக்‌ஷன் அடுப்பில் தீ கிடையாது.
பழக்கத்தில் வாணலியைத் தூக்கி ஒரு வீச்சு வீசினார்,
அடுப்பு கீகீயென்று கத்தி நின்றுபோனது.
மறுபடி தூக்கினார். மறுபடி கத்தியது.
"கையக் கட்டிப்போட்டு சமைக்கச் சொல்லுது இது"
என்று வாணலியை ஓரம் தள்ளிவிட்டு
பரணிலிருந்து இட்லிப் பானையை இறக்கினார்.

கோஸ் இலையை ஒவ்வொன்றாக உரித்து
வெந்நீரில் காட்டித் துவளவைத்து,
கொத்திய கோழியில் இஞ்சி, பூண்டு,
வெங்காயத்தாள், இரண்டே சொட்டு சோயா,
பிறந்த பிள்ளைக்குத் துணி சுற்றுவதுபோல் சுற்றி
குழிக்கு ஒன்று.
நடுவில் கை தானாக நீண்டு
ரெட் கலர் டப்பாவைத் தேடியது.
வீட்டில் ஏது.

மூடியைத் திறந்ததும் சாது வாசனை.
மூட்டை மூட்டையாகக் கோஸ் அரிந்தவர்
ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு
நெடுநேரம் மென்றுகொண்டிருந்தார்.
பிறகு, யாரையோ திட்டுவதுபோல்,
"இதுக்கு ருசி இருந்திருக்குடி."

நான் ஐந்து சாப்பிட்டேன்.
ஆறாவதைக் கையில் எடுத்தபோது
பழைய கோபி மஞ்சூரியன் வந்து நின்றது,
அந்த மொறுமொறுப்பும் விரலில் ஒட்டும் சிவப்பும்.
வாய்விட்டுச் சொல்லவில்லை.
வினிகர் மிளகாயைக் கடித்து
அதையும் சேர்த்து முழுங்கிவிட்டேன்.

செவ்வாய் ராத்திரி
எண்ணெய் டின்னுக்குள் போன கரண்டி
பாதி வயிற்றோடு வெளியே வந்ததாம்.
அவர் யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது.
மூன்றாவது பிளேட் திரும்பி வந்தது:
"இன்னா மாஸ்டர், ஆஸ்பத்திரி சாப்பாடா?"
லியாகத் பாய் கல்லாவிலிருந்து ஒரு பார்வை பார்த்தார்.
கரண்டி நிரம்பியது. தீ முகம்வரை எழும்பியது.
வீட்டு வாடகை ஏழாயிரம்.

பன்னிரண்டரைக்குக் கதவு தட்டும் சத்தம்.
வெள்ளிக் கவர் இல்லை,
செய்தித்தாளில் சுற்றிய பாதிக் கோஸ்.
சட்டையைக் கழற்றி வாளிக்குக் கொண்டுபோனவரை
"இருங்க" என்றேன்.
காலரில் முகம் புதைத்து
ஃபிரைடு ரைஸ், சில்லி சாஸ், கருகிய பூண்டு, வெள்ளை மிளகு
அத்தனையையும் ஒரே மூச்சில் இழுத்தேன்.

"அது எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.
சட்டையை வாங்கித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே
"சைபர்" என்றேன்.