ரப்பர்ப் பொட்டு

மிதிக்காமலே எரிகிறதாம் பின்விளக்கு.
சனிக்கிழமை, கொட்டாஞ்சேனை, மழை விட்டு ஒரு மணித்தியாலம்.
எமில்டா மிஸ் சாவியைத் தந்துவிட்டு
கராஜ் வாசலில் விரித்த குடையோடு நிற்கிறா.
"நேற்று ஆமர் வீதியில
பின்னால வந்த த்ரீவீல்காரன் இறங்கி வந்து கேட்டான்,
நிக்கிறீங்களா போறீங்களா, ஒண்டைச் சொல்லுங்கோ எண்டு."

ஸ்கேனரைக் குத்தினேன்.
பி, சைபர், ஐந்து, சைபர், நாலு.
நோயின் பெயர் இல்லை இது.
நோயாளி "இந்தப் பக்கம்" என்று தடவிக் காட்டுகிறாரே,
அவ்வளவுதான்.

பிறேக் சுவிட்சுக்குள் இரண்டு சாட்சி.
கால் வைத்தால் ஒன்று ஓம் என்னும், மற்றது இல்லை என்னும்.
காலை எடுத்தால் மாறிச் சொல்லும்.
முரண்படத்தான் இரண்டையும் அங்கே இருத்தியிருக்கிறார்கள்.
ஒரே குரலில் பேசத் தொடங்கினால்தான்
கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வரும்,
மஞ்சள் எஞ்சின் படத்தை ஏற்றும்.

பியூஸ் பார்த்தேன், நல்லம்.
மீட்டர் வைத்தேன், பன்னிரண்டரை வோல்ட்.
வயரில் எலி வாய் வைக்கவில்லை.
"சுவிட்ச்தான்" என்றேன்,
இருபது வருசத் தொழில் தருகிற அவசரத்தோடு.

துஷார பஞ்சிகாவத்தைக்கு ஓடினான்.
ஃபாயிஸ் நானா கடையில் ஜப்பான் காரில் கழற்றினது ஒன்று
மூவாயிரத்து ஐந்நூறு,
பேசிப் பேசி மூவாயிரம், ஒரு பிளேன்டீயும்.
மாட்டினேன். கோடை அழித்தேன். விளக்கு அணைந்தது.
மிஸ் குடையை மடித்தா.

புளூமெண்டால் வீதி தாண்டவில்லை,
திரும்பி வந்தா.
அதே மஞ்சள் படம், அதே ஐந்து எழுத்து.
வாங்கிய காசு
சேர்ட் பொக்கற்றுக்குள் கிடந்து வேர்த்தது.

பிறகு செய்தேன், முதலே செய்திருக்க வேண்டியதை.
சீற்றைப் பின்னுக்குத் தள்ளி
தலையைப் பெடலுக்கு அடியில் விட்டு
கால் இரண்டும் கதவுக்கு வெளியே, ஈர வீதியில்.
"ஐயோ, ஆளுக்கு என்ன?" என்று
யாரோ கேட்டுவிட்டு நிற்காமல் போனது கேட்டது.
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

பெடல் தண்டில் ஓர் ஓட்டை.
அதற்குள்ளால்
சுவிட்ச்சின் முனை பாதி வெளியே வந்து
கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறவன்போல நிற்கிறது.
அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் இருந்திருக்க வேண்டும்.
நெற்றிப் பொட்டளவு.
முனையை அமத்திப் பிடித்து
"ஒருத்தரும் மிதிக்கவில்லை, சும்மா இரு" என்று
பதினொரு வருசம் சொல்லிக்கொண்டிருந்த ரப்பர்.

காப்பெட்டைத் தடவினேன்.
மஞ்சளாய்த் துகள்.
விரலில் காய்ந்த பாண்தூளாய் நொறுங்கியது.

நீட்டினேன்.
எமில்டா மிஸ் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தா.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இதையா நான் ஒரு மாசமாக் கூட்டிக் கூட்டி எறிஞ்சனான்?
மகன் பிஸ்கட் திண்டு கொட்டினது எண்டெல்லோ
அவனுக்கு ரெண்டு அடியும் போட்டனான்.
அவன் இல்லை இல்லை எண்டு அழுதவன்."

நானா பழைய மில்க்மெய்ட் டின்னுக்குள் கைவிட்டுத் துழாவி
அந்தப் பொட்டைக் கொடுத்தனுப்பினார்.
நூற்றெண்பது ரூபாய்.
பெருவிரலால் அமத்தினேன். டக்.
அந்தச் சத்தம் வந்தால் மீட்டர் தேவையில்லை.
இருந்தும் வைத்தேன். இந்த முறை எல்லாவற்றையும் வைத்தேன்.

துஷார காருக்குப் பின்னால் குந்தியிருந்து கத்தினான்.
மிதித்தேன், "பத்துயி!"
விட்டேன், "நிவுனா!"
அவனுடைய சிங்களத்திலும் என்னுடைய தமிழிலும்
விளக்குப் பத்துவதற்குக் கிட்டத்தட்ட ஒரே சொல்.
பத்துதா என்று நான் கேட்க
பத்துயி என்று அவன் சொல்ல
ஏழு தரம், எட்டுத் தரம்,
மிஸ் போதும் என்கிற வரைக்கும்.

பில்லில் ரப்பர் ஒன்று என்று மட்டும் எழுதினேன்.
மூவாயிரத்தை மடித்து அவவின் கையில் வைத்தேன்.
சந்தியில் கார் நிற்கையில் சிவந்தது.
போகையில் இருண்டது.

கழற்றின சுவிட்ச் என் லாச்சியில் கிடக்கிறது,
ஒரு குற்றமும் இல்லாதது.
எறியவா என்று
துஷார இரண்டு தரம் கேட்டுவிட்டான்.